கிரவுன் மாத்தின கதை: 2.73-லிருந்து 3.73

போன வாரம் ஒரு பழைய போட்டோ போட்டிருந்தேன். பெரிய பல்சக்கரம், அதுல நாலஞ்சு பல்லுக்கு மட்டும் மஞ்சள் பெயின்ட், ஒவ்வொரு பல்லு நடுவுலயும் பெயின்ட் அழிஞ்ச ஒரு முட்டை வடிவத் தடம். "என்ன டாக்டர், பல் டாக்டர் ஆயிட்டீங்களா?"ன்னு கேட்டவங்கதான் அதிகம். அதுக்குப் பதில்தான் இந்த நீளமான பதிவு. இது கார் பதிவு, நடுவுல கொஞ்சம் காது வரும். சுகர், பிரஷர் ஆட்கள் அடுத்த வாரம் வாங்க.

கார், 1992 ஃபோர்ட் மஸ்டாங் எல்எக்ஸ் 5.0. வி8 இன்ஜின், நிஜ அளவு 4.94 லிட்டர்தான், ஃபோர்ட் கொஞ்சம் தாராளமா ரவுண்டு பண்ணிக்கிச்சு. 225 குதிரைத்திறன். டார்க் சுமார் 407 நியூட்டன் மீட்டர். அஞ்சு கியர், மேனுவல். நான் குடியிருக்கும் மிச்சிகன் மாநிலத்திலேயே, டியர்பார்ன் ஆலையில் செய்த வண்டி. ரெசிடென்சி முடிச்ச வருஷம் பழசா வாங்கினேன். பனிக்காலத்தில் இங்கே ரோட்டில் உப்பு கொட்டுவாங்க, தகரம் அரிச்சிடும். அதனால் நவம்பர்ல போர்வை போர்த்தினா ஏப்ரல்லதான் எடுப்பேன்.

இவ்வளவு பெரிய இன்ஜின் இருந்தும் சிக்னல்ல பச்சை விழுந்ததும் ஒரு சோம்பல். ஐந்தாவது கியரோ ஹைவேயில் பேருக்குத்தான் இருக்கும், லேசான மேடு வந்தாலும் நாலுக்கு இறக்கணும். இன்ஜின்ல குறை இல்லை. பின் ஆக்சில்ல இருக்கு விஷயம்.

லாரிக்காரங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்காக: இன்ஜினிலிருந்து வரும் ஷாஃப்ட் வண்டியின் நீளவாக்கில் சுத்துது, சக்கரம் குறுக்குவாட்டில் சுத்துது. இந்தத் திருப்பத்தைச் செய்வது ரெண்டு பல்சக்கரம். சின்னது பினியன், பெரியது கிரவுன். என் வண்டியில் கம்பெனி போட்டது கிரவுனில் 41 பல், பினியனில் 15. வகுத்துப் பாருங்க, 2.73. அதாவது ஷாஃப்ட் 2.73 சுத்து சுத்தினால் சக்கரம் ஒரு சுத்து. நம்ம ஊர் லாரியில் இந்த எண் ஐந்து, ஆறு என்று போகும். சுமை இழுக்கணுமே.

பந்தயக் கார் மாதிரி விளம்பரம் பண்ணின வண்டிக்கு ஏன் 2.73? அதுக்கு 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் போகணும். அதைத் தொடர்ந்து 1975-ல் அமெரிக்கா சட்டம் போட்டு, ஒவ்வொரு கம்பெனியும் விக்கிற கார்களோட சராசரி மைலேஜுக்கு ஒரு அளவு வச்சுது. 1990-ல் அந்த அளவு கேலனுக்கு 27.5 மைல். சின்னக் கார்களோட இந்த வி8-ம் அதே கணக்கில் சேரும். இன்ஜினை மெதுவா சுத்த விட்டால் பெட்ரோல் மிச்சம், அதுக்கு ஆக்சில் எண்ணைக் குறைப்பதுதான் மலிவான வழி. வண்டி மிதிச்ச உடனே பறக்காததுக்குப் பின்னாடி ஒரு சர்க்கார் கணக்கு இருக்குன்னு தெரிஞ்சப்போ எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு.

நான் மாத்தினது 3.73-க்கு. அதே 41 பல் கிரவுன், பினியனில் 15-க்குப் பதில் 11. இதனால் குதிரைத்திறன் ஒண்ணுகூட ஏறாது. இதைத் தெளிவா சொல்லிடறேன், ஏன்னா "கியர் மாத்தினா பவர் ஏறும்"னு வீடியோ போடுறாங்க. இருக்கிற பலம் எந்த வேகத்தில் செலவாகணும்னு மாத்தி எழுதுறோம், அவ்வளவுதான். முதல் கியரில் சக்கரத்துக்குப் போகும் திருப்பு விசை சுமார் 37 சதவீதம் கூடுது. பதிலுக்கு, 5,000 ஆர்பிஎம் வரும்போது முன்னாடி முதல் கியரில் 67 கிமீ வேகம் வரும், இப்போ 49-லேயே ரெண்டாவது போடணும். ஹைவேயில் 70 மைல் வேகத்தில், அதாவது 112 கிமீயில், ஐந்தாவது கியரில் இன்ஜின் 1,700 சுத்திட்டிருந்தது. இப்போ 2,300. மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். ஆனா ஐந்தாவது கியர் கடைசியில் நிஜமாவே கியர் ஆச்சு.

4.10 போடச் சொன்ன நண்பர்கள் உண்டு. அதே வேகத்தில் 2,550 சுத்தும். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பக்கமும் 40 கிமீ ஓட்டுறவனுக்கு அது தலைவலி.

வொர்க் ஷாப்பில் கேட்டேன். பாகத்தோட விலையை விடக் கூலி ரெண்டு மடங்கு. நியாயமான கூலிதான், ஏன்னு கீழே புரியும். ஆனா நான் வீட்டிலேயே செய்ய நினைச்சதுக்குக் காசு காரணமில்லை. அப்பா வந்திருந்தார்.

அப்பாவுக்கு 74 வயது. நாமக்கல்லில் 38 வருஷம் லாரிக்கு கியர்பாக்ஸ், கிரவுன் வேலை. அம்மா போன பிறகு அந்த வீட்டில் தனியா இருந்தார். போன வருஷம் மே மாசம் எங்க வீட்டுக்கு வந்தவர் எதுலயும் ஒட்டலை. கேட்டதுக்குச் சம்பந்தமில்லாத பதில். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் சிரிச்சா அரை நிமிஷம் கழிச்சுச் சிரிப்பார். என் பொண்ணு பேசினால் தலையை மட்டும் ஆட்டுவார். கிளம்புறதுக்கு முன்னாடி ஊரில் ஒரு இடத்தில் ஞாபகசக்தி டெஸ்ட் எடுத்து, மார்க் போட்டு "பார்டர்லைன்" என்று எழுதிக் கொடுத்திருந்தாங்க. அக்கா அந்தக் காகிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இனி தனியா விட முடியாதுடா. திரும்பி வந்ததும் வீட்டை வாடகைக்கு விட்டுட்டுக் கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போயிடறேன்"னா. அப்பாகிட்ட யாரும் இதைச் சொல்லலை.

அந்த மார்க்கைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி, "கேட்டுச்சா?" அந்த டெஸ்டில் அஞ்சு வார்த்தை வாயால் சொல்லுவாங்க, கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிச் சொல்லணும். சொன்னவங்க மாஸ்க் போட்டிருந்தாங்களாம். காதில் விழாத வார்த்தையை எந்த மூளையும் ஞாபகம் வச்சுக்காது. இங்கே ஆடியாலஜிஸ்ட்கிட்ட அப்பாயின்ட்மென்ட் கேட்டேன், மூணு வாரம் கழிச்சுக் கிடைச்சுது. அந்த மூணு வாரத்துக்கு நடுவுலதான் கிரவுன் வேலை.

பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு போட்டு, டிரம்மைக் கழட்டினேன். அப்பா பழக்கத்தில் ஏர் கன்னைத் தேடினார். இங்கே மட்டும் டாக்டர் பேசிக்கிறேன். பழைய வண்டியின் பிரேக் தூசியை ஊதாதீங்க. அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அமெரிக்காவிலேயே, கடைசிவரை புழக்கத்தில் இருந்த கிரைசோடைல் வகைக்குத் தடை 2024-ல்தான் வந்தது. அதுவரை இறக்குமதி பிரேக் பாகங்களில் வந்துட்டு இருந்துச்சு. அந்த நார் நுரையீரல் உறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோயாக மாற இருபது, நாற்பது வருஷம்கூட ஆகும். வேலை செய்தவரோட சட்டையைத் துவைச்ச மனைவிக்கு வந்ததும் உண்டு. ஈரத்துணி, பிரேக் கிளீனர், முகக்கவசம். ஊதவே கூடாது. ஊரில் வொர்க் ஷாப் வச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு இந்த ஒரு பத்தியை மட்டுமாவது பையன்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.

இந்த ஆக்சிலில் எண்ணெய் வடிக்கத் தனி போல்ட் கிடையாது. பின்னாடி இருக்கும் தட்டை, பத்து போல்ட், கழட்டினால் மொத்தமும் கொட்டும். கியர் ஆயில் வாசனை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அதில் கலக்கும் கந்தகச் சேர்மானம் ரெண்டு நாள் குளிச்சாலும் போகாது. வீட்டில் எல்லாரும் மூக்கைப் பிடிச்சாங்க. அப்பா மட்டும் கராஜ் வாசலில் நின்னு இழுத்து மோந்துட்டு, "பழைய ஆயிலு, ஆனா கருகலை"ன்னார். வந்து ஆறு வாரத்தில் யாரும் கேட்காமல் அவர் சொன்ன முதல் வாக்கியம் அது.

அச்சு வெளியே வராமல் பிடிச்சிருப்பது இங்கிலீஷ் சி எழுத்து மாதிரி ஒரு சின்னக் கிளிப். நடுக் கம்பியை உருவி, அச்சை உள்ளே தள்ளினால் கிளிப் கையில் விழும். திரும்ப மாட்டும்போது அது சரியா உட்காரலைன்னா, ஓடுற வண்டியில் சக்கரம் டிரம்மோட சேர்ந்து வெளியே நழுவும். நான் கழட்டினதும் அப்பா ரெண்டு கிளிப்பையும் ஒரு டம்ளரில் போட்டு ஜன்னல் மேல் வச்சுட்டார். அடுத்து, பேரிங்கைப் பிடிக்கும் ரெண்டு மூடியைத் தொடுறதுக்கு முன்னாடி சென்டர் பஞ்சை எடுத்து இடது பக்கம் ஒரு புள்ளி, வலது பக்கம் ரெண்டு புள்ளி தட்டினார். அந்த மூடிகள் அந்தந்த இடத்திலேயே வச்சுக் கடைஞ்சது, மாத்திப் போட்டால் போச்சு. மானுவலில் இது மூணாவது பக்கத்தில் இருக்கு. மறதிக்காரர் மானுவலைத் திறக்கவே இல்லை.

இப்போ அந்த மஞ்சள் பெயின்ட் விஷயத்துக்கு வர்றேன்.

பினியனும் கிரவுனும் ரெண்டு விதத்தில் பொருந்தணும். ஒண்ணு, ரெண்டு பல்லுக்கும் நடுவில் இருக்கும் பிளே. கிரவுனை இடது வலதாக நகர்த்தி, பக்கத்துச் சிம்மு மாத்தி இதைச் சரி பண்ணலாம். என் செட்டுக்கு 8-லிருந்து 12 தவு, அதாவது 0.2-லிருந்து 0.3 மி.மீ. வரை. இன்னொண்ணு, பினியன் எவ்வளவு ஆழம் உள்ளே போய் உட்காருது என்பது. அதைத் தீர்மானிப்பது பினியன் தலைக்கும் பேரிங்குக்கும் நடுவில் போடும் ஒரு மெல்லிய சிம்மு. அதை மாத்தணும்னா ஒவ்வொரு தடவையும் பினியனை வெளியே எடுத்து, அழுத்திப் போட்ட பேரிங்கை இழுத்து, சிம்மு மாத்தி, மறுபடி அழுத்தணும். வொர்க் ஷாப் கூலி ஏன் அவ்வளவுன்னு இப்போ புரியுதா? இதுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பழைய பேரிங்கோட உள் வட்டத்தை எமரித்தாள் போட்டுத் தேய்ச்சு, கையாலேயே ஏறி இறங்குற மாதிரி பண்ணிக்கணும். அளவு பார்க்க அது, கடைசியில் புதுசு. நான் வீடியோவில் பார்த்துக் கத்துக்கிட்டதை அப்பா கேட்காமலேயே செய்ய ஆரம்பிச்சார்.

முதல் தடவை பழைய சிம்மோடவே மாட்டினோம். டயல் கேஜ் வச்சுப் பார்த்தேன். பிளே 10 தவு. அளவுக்கு நட்டநடு. பெயின்ட் பூசி, கிரவுனை ஒரு கையால் இறுக்கிப் பிடிச்சு, முன்னாடியும் பின்னாடியும் சுத்தினோம். பல் டாக்டர் புது கேப் போட்டதும் ஒரு கலர் காகிதத்தை வச்சு "கடிங்க"ன்னு சொல்வாரே, எங்கே இடிக்குதுன்னு பார்க்க, அதே வேலைதான் இது. தடம் பல்லோட மேல் விளிம்பில் ஏறிக் கிடந்தது.

அப்பா கண்ணாடியைத் தூக்கி நெத்தியில் வச்சுக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தார். "அளவு சரியா இருக்குது கண்ணு. பல்லு சரியில்ல. பினியன் எட்ட நிக்குது, உள்ள வரணும்."

இன்னும் ரெண்டு தவு தடிச்ச சிம்மு. பினியன் உள்ளே போனதும் பிளே குறைஞ்சிடுச்சு, கிரவுனைத் தள்ளி அதைச் சரி பண்ணினோம். பெயின்ட். இன்னும் மேலே. மறுபடி ரெண்டு தவு. இந்தத் தடவை இழுக்கும் பக்கத்தில் தடம் நடுவில் வந்து உட்கார்ந்தது. விடும் பக்கத்தில் உள்முனைப் பக்கம் லேசா சாய்ஞ்சிருந்தது, ஆனா பல்லுக்குள்ளேயே. டயல் கேஜ் மூணு தடவையும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டியது என்பதைக் கவனிங்க. முதல் தடவையோட நிறுத்தியிருந்தால் காகிதத்தில் எல்லாம் சரி, ரோட்டில் ஊளை.

அப்பாவுக்கு எல்லாமே கைவந்த கலைன்னு நினைச்சுக்காதீங்க. கடைசியா பினியன் நட்டை இறுக்கும்போது உள்ளே ஒரு மெல்லிய உலோகக் குழாய் நசுங்கணும், அது நசுங்குற அளவுதான் பேரிங்கோட இறுக்கத்தை வைக்குது. கூடிப்போனால் திரும்ப வழியில்லை, புதுக் குழாய்தான். லாரியில் கெட்டியான ஸ்பேசரும் சிம்மும் போட்டுப் பழகினவர், "இது என்ன தகரக் குழாய"ன்னு கடைசிவரை நம்பலை. அஞ்சடி பைப் மாட்டி ரெண்டு பேரும் தொங்கினோம். கையால் சுத்திப் பார்த்து "போதும்"னார். இன்ச்-பவுண்டு ரெஞ்சில் 13 காட்டியது. புது பேரிங்குக்கு 16-லிருந்து 29 வேணும். இந்த விஷயத்தில் ரெஞ்ச் சொல்றதைத்தான் கேட்டோம். துளித்துளியா இறுக்கி 20-ல் நிறுத்தினோம்.

ஸ்பீடோமீட்டருக்குப் போகும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தையும் மாத்தணும், மறந்துடாதீங்க. இல்லைன்னா 60-ல் போகும்போது 82 காட்டும்.

முதல் ஓட்டம் மெதுவா, 25 கிமீ, பிறகு ஆறவிட்டு, மறுபடி. மூணாவது நாள் ஹைவே ஏறினோம். அப்பா பக்கத்து சீட்டில், கண்ணை மூடிக்கிட்டு. என் காதில் இன்ஜின் சத்தமும் காத்தும்தான். "இழுக்கிறப்ப சத்தமில்ல. காலை எடுக்கிறப்ப லேசா ஊங்குது. எட்டுநூறு கிலோமீட்டர் போனா அடங்கிரும்"னார். ஜன்னலை ஏத்திவிட்டு, ஆக்சிலேட்டரை விட்டுக் கேட்டேன். இருந்தது. கவனிச்சுக் கேட்டால் மட்டும் தெரியற மாதிரி.

பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கேட்காத காது அது.

இதில் முரண்பாடு எதுவும் இல்லை, கணக்கு இருக்கு. 112 கிமீ வேகத்தில் என் சக்கரம் நொடிக்கு 15.2 சுத்து. கிரவுனில் 41 பல். பெருக்கினால் நொடிக்கு 623 தடவை பல் பல்லைத் தொடுது, அதாவது 623 ஹெர்ட்ஸ். (பழைய கிரவுனிலும் 41 பல்தான் என்பதால் 2.73-லும் இதே சுருதிதான். இது எனக்கே அன்னைக்குத்தான் உறைச்சுது.) அடுத்த வாரம் ஆடியோகிராம் வந்தது. 1,000 ஹெர்ட்ஸ் வரை அப்பாவுக்குக் கிட்டத்தட்ட நார்மல். அதுக்கு மேலே கோடு மலைச்சரிவு மாதிரி விழுந்து, 4,000-ல் 70 டெசிபல். வருஷக்கணக்கா சம்மட்டிச் சத்தத்தில் நின்ன காதுக்கே உரிய படம். தினம் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் தாண்டக் கூடாதுன்னு சொல்றோம். லாரிப் பட்டறையில் அதை யார் அளந்தாங்க?

பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் இருக்கு. ச, ஸ, த, க மாதிரி மெய்யொலிகளோட கூர்மை மேல் சுருதியில் இருக்கு. அப்பாவுக்கு யாரோ பேசுறது நல்லாவே கேட்கும், என்ன பேசுறாங்கன்னுதான் புரியாது. "கடை"யா, "தடை"யா, "படை"யா என்று ஊகிச்சுப் பதில் சொல்லுவார். குழந்தைங்க குரல் இன்னும் கஷ்டம். சத்தம் போட்டுப் பேசினாலும் பிரயோஜனமில்லை, உயிரெழுத்துதான் இன்னும் பெருசா கேட்கும். முகத்தைப் பார்த்து, நிதானமா பேசுங்க.

காது மெஷின் அளந்து போட்டோம். ரெண்டு மாசம் பழகின பிறகு, அமைதியான அறையில், தமிழில், முகம் தெரிய, அதே டெஸ்டை என் நண்பர் ஒருத்தர் எடுத்தார். அவர் வயசுக்கு நார்மல். எல்லாருக்கும் இப்படித்தான் முடியும்னு சொல்லமாட்டேன். காதும் மூளையும் ஒரே நேரத்தில் மங்குறவங்க உண்டு. கேட்காத காதைக் கவனிக்காமல் விட்டால் டிமென்ஷியா அபாயம் கூடுதுன்னு லான்செட் ஆணையமே பட்டியலில் வச்சிருக்கு. மெஷின் போட்டால் எல்லாம் சரியாகிடும்னு நான் எழுதினதா யாரும் ஃபார்வர்டு பண்ணாதீங்க. வீட்டுப் பெரியவருக்கு "மறதி"ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு ஆடியோகிராம் எடுங்க. காதில் அழுக்கு இருக்கான்னும் பாருங்க, அது ரெண்டு நிமிஷ வேலை.

அக்காவுக்கு ரெண்டு காகிதத்தையும் அனுப்பினேன். அக்டோபரில் அப்பா நாமக்கல் வீட்டுக்கே திரும்பினார், தனியாத்தான். அக்கா வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறாள். மெஷினைக் கழட்டி வச்சுட்டு டிவி சத்தத்தைக் கூட்டிடறார்னு புகார் வருது.

எட்டுநூறு கிலோமீட்டர் ஆனதும், போர்வை போர்த்துறதுக்கு முன்னாடி, தட்டைக் கழட்டி எண்ணெய் மாத்தினேன். புது கியருக்கு இது கட்டாயம். அன்னைக்கு ராத்திரி அப்பா வீடியோ காலில் வந்தார்.

"காந்தத்துல என்ன ஒட்டியிருக்குது? மாவாட்டமா, துண்டு துண்டாவா?"

விரலில் தொட்டு கேமராவில் காட்டினேன். சாம்பல் நிறத்தில் வழவழன்னு இருந்தது. "மாவாட்டந்தாங்கப்பா."

"அப்ப ஓட்டு."